அப்பத்தா பார்த்த மூன்று குழந்தைகள்

கம்பத்தில் மனநல மருத்துவராக இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் மலையேறிக் குமுளியிலும் நோயாளிகளைப் பார்க்கிறேன். இங்கே நான் சொல்லப்போகும் ஆட்களின் ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நடந்தது மாறவில்லை.

கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. எழுபத்தெட்டு வயது அப்பத்தா, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன். மகன் நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டரம்மா, எங்கம்மாவுக்குப் புத்தி பெரண்டுருச்சு" என்றார். அப்பத்தா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கு ஒண்ணுமில்ல தாயி. வீட்டுக்குப் பிள்ளைக வருதுக, நான் என்ன செய்ய?" என்றார்.

மூன்று பிள்ளைகள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வருவார்கள். பாவாடை சட்டை போட்ட இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு பையன். அடுப்படி நிலையோரம் நிற்பார்கள், பேச மாட்டார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். சின்னவளின் பாவாடைக் கரையில் மாங்காய்ச் சரிகை போட்டிருக்கிறது என்றார்.

அந்தச் சரிகைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மேசைக்கு இந்தப் பக்கமிருந்து மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "கையத்தான தாயி காட்டுற?" என்றார். என் விரலை எண்ண முடியாதவருக்கு, இருட்டிய அடுப்படியில் பாவாடைச் சரிகை தெரிகிறது.

மற்றபடி தெளிவாக இருந்தார். கிழமை சொன்னார். பேரன் எந்த வருடம் படிக்கிறான் என்று சொன்னார். பன்னீர் திராட்சை கிலோ என்ன விலை போகிறது என்பதில் மகனையே திருத்தினார். இதற்குள் குடும்பம் ஒரு கோடங்கியிடம் போய், வீடு கட்டிய இடத்தில் பழைய கிணறு இருந்தது என்று கேட்டு, கிடா வெட்டி, பதினெட்டாயிரம் ரூபாய் செலவழித்திருந்தது. கோடங்கி சொன்னதிலிருந்து மருமகளும் அடுப்படியில் கொலுசுச் சத்தம் கேட்பதாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்பத்தாவின் பிள்ளைகள் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

அன்று பேரனிடம் செய்து காட்டியதை நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டை விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கண்ணால் இடது கட்டை விரலையே பாருங்கள், பார்வை நகரக் கூடாது. இப்போது வலது கையை மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம் வரும்போது வலது விரலின் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே ஒளியை உணரும் செல்கள் கிடையாது. எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் இது உண்டு.

பேரன் விரல் மறைந்ததும் "அட!" என்றான். நான் கேட்டது வேறு. "அந்த இடத்துல என்ன தெரியுது?" சுவர் தெரிகிறது என்றான். என் அறைச் சுவரின் பச்சை நிறம், இடையில் ஓட்டை எதுவும் இல்லாமல். அந்த இடத்திலிருந்து கண் மூளைக்கு எதுவுமே அனுப்பவில்லை. சுற்றிலும் பச்சைதானே, இங்கேயும் பச்சையாகத்தான் இருக்கும் என்று மூளையே பூசிவிட்டது. விரலை மறைத்துச் சுவரைப் பூசியதை அவனிடம் சொல்லவும் இல்லை.

நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இந்தப் பூச்சு வேலைதான். கண்ணும் காதும் அனுப்புவது அரைகுறைத் தகவல். பழைய அனுபவம், எதிர்பார்ப்பு, பயம், ஊர் சொன்ன கதை ஆகியவற்றை வைத்து மூளை ஒரு கணிப்புப் போடுகிறது. வரும் தகவல் கணிப்போடு ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் திருத்திக்கொள்கிறது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை 'நாமறியாமல் செய்யும் அனுமானம்' என்ற பொருளில் விளக்கிவிட்டார். கணிப்பு போடும் வேலை நமக்குத் தெரிவதில்லை, அதன் முடிவு மட்டும்தான் தெரிகிறது. அதனால்தான் "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று சத்தியம் செய்கிறோம். சத்தியம் செய்கிறவர் பொய் சொல்லவும் இல்லை.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருந்தது. பார்வை குறைந்து, வரவேண்டிய தகவல் நின்றுபோகும்போது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே படம் போட ஆரம்பிக்கிறது. 1760இல் சார்லஸ் போனே என்ற சுவிஸ் அறிஞர் இதைப் பதிவு செய்தார். புரையால் பார்வை மங்கிய அவருடைய தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் தெரிந்தன, புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. இன்றும் அந்தப் பேரில்தான் இதைச் சொல்கிறோம். படங்கள் துல்லியமாக இருக்கும், பேசாது. குழந்தைகள், குள்ள மனிதர்கள், கோலம் மாதிரியான வடிவங்கள் என்று வரும். பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயந்து நிறைய முதியவர்கள் வெளியே சொல்வதே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேட்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். திடீரென்று ஆரம்பித்தால், காய்ச்சலோ குழப்பமோ கூட இருந்தால், புது மாத்திரை தொடங்கிய பிறகு வந்தால், கை நடுக்கமும் மறதியும் சேர்ந்திருந்தால் அது வேறு கதை. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிவர வேண்டும்.

அதே வாரத்தில் குமுளியில் ஒரு மலையாளி இளைஞர் வந்தார். ஹோட்டலில் இரவு வேலை. தூக்கத்தில் விழிப்பு வருகிறதாம், கை கால் அசைக்க முடியவில்லையாம், மார்பின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிறார்களாம். "யட்சி" என்றார். கீழே கம்பத்தில் இதே உடம்புக்கோளாறோடு வருகிறவர்கள் "அமுக்குவான்" என்பார்கள். கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகள் செயலற்றிருக்கும். சில சமயம் விழிப்பு முந்திக்கொள்ளும், தசை பிந்தும். சில நொடிகள், அதிகம் போனால் ஓரிரு நிமிடங்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். மூச்சு இறுகும் உணர்வு மட்டும் உடம்பு தருவது. மலையில் அதற்கு நீளமான கூந்தல் முளைக்கிறது, அடிவாரத்தில் மீசை.

பேய்க் கதை என்றால் எல்லோருக்கும் ஒப்புக்கொள்வது எளிது. எங்கள் பகுதியில் இதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது.

முல்லைப் பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. நிற்பது கேரள மண்ணில், தண்ணீர் வருவது எங்கள் பக்கம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அதுதான் உயிர். கட்டிய பென்னிகுயிக்கின் படம் இங்கே பல வீடுகளில் மாட்டியிருக்கும், அவர் பிறந்த ஜனவரி 15க்குப் பொங்கல் வைப்பார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது.

வண்டிப்பெரியாறில் இருந்து ஒரு பெண்மணி வந்தார். பிறந்தது கம்பம், வாக்கப்பட்டது அணைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில். மழைக்காலம் வந்தால் தூங்க மாட்டார். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருப்பார். ராத்திரி "டமார்" என்று ஒரு சத்தம் கேட்கும், எழுந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடுவார். ஒரே மாதத்தில் நான்கு தடவை. அவருடைய அண்ணன் கம்பத்தில் நெல் போடுகிறவர். ஒரு நாள் சாயங்காலம் போன் பண்ணி, "தங்கச்சி, 140 தொட்டுருச்சும்மா! இந்த வருஷம் ரெண்டு போகம் உறுதி" என்றாராம். இங்கே இவருக்கு வயிறு கலங்கிப் போனைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் ஆறு மாதம் அண்ணனிடம் பேசவில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அணை பலமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளர் இல்லை. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அவருடைய பயத்துக்குப் பாடம் எடுத்தது 2018 வெள்ளமும், 2020 ஆகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள், அதாவது வரிசை வீடுகள், மண்ணோடு போய் 70 பேர் இறந்ததும். இறந்தவர்களில் அவருக்கு உறவினர்களும் உண்டு. மூளை போடும் கணிப்புக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கணிப்பு எல்லாச் சத்தத்தையும் ஒரே சத்தமாக மாற்றிவிட்டிருந்தது.

ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். சத்தம் கேட்ட நேரம், அப்போது என்னவென்று நினைத்தீர்கள், காலையில் விசாரித்தால் அது என்னவாக இருந்தது. மூன்றே பத்தி. அடுத்த முறை கொண்டுவந்தபோது இருபத்தாறு வரி எழுதியிருந்தார். நடுப்பத்தியில் இருபத்தாறு தடவையும் 'டேம்'. கடைசிப் பத்தியில் இடி, பால் வண்டி, பக்கத்து லயத்துக் கதவு, மூன்று இடத்தில் தகரக் கூரையில் விழுந்த பலாக்காய். பலாக்காயை வாசிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தலைமாட்டுப் பையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். பை நல்ல யோசனைதான்.

வாட்ஸ்அப்பில் வருகிறதே, எங்கோ எந்த நாட்டிலோ உடைந்த அணையின் வீடியோவைப் 'பெரியாறு இன்று காலை' என்று போட்டு, அதை மட்டும் பார்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பயந்தவருக்கு அந்த வீடியோவில் தன் ஊர்ப் பாலமே தெரியும்.

இதுவரை நோயாளிகளைப் பற்றியே எழுதிவிட்டேன். என் கதையையும் சொல்ல வேண்டும்.

கம்பம்மெட்டு வழியாகத் தினமும் விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண் ஒருவர் நான்கு வருடமாக என்னிடம் வருகிறார். கோப்பின் முதல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே 'பதற்ற நோய்' என்று இருக்கிறது. ஒரு நாள் பகல் மூன்று மணிக்கு ஓடி வந்தார். உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சை அடைக்கிறது, குமட்டுகிறது, தலை சுற்றுகிறது. எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. படுக்க வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனேன்.

எங்கள் சிஸ்டர்தான் பின்னாலேயே வந்தார். "மேடம், அவங்களுக்கு எச்சி ஒழுகுது. கண்ணு என்னமோ மாதிரி இருக்கு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி கடுகு மாதிரி சுருங்கியிருந்தது. பதற்றத்தில் கண்மணி விரியும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார், தோட்டத்தில் எல்லாப் பெண்களும் போடுவதுதான். அதன் கையெல்லாம் நனைந்து பிசுபிசுத்தது. காலையிலிருந்து மருந்தடிப்புக்கு ஓஸ் இழுத்திருக்கிறார். பூச்சிமருந்து தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, 108ஐ வரவழைத்து அனுப்பினோம். மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிவு மருந்தைப் போட்டுத் தேற்றிவிட்டார்கள்.

அந்த மருந்து வாடை எனக்கும் அடித்தது. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவர் உள்ளே வந்ததுமே அடித்தது. தரை துடைத்த ஃபினாயில் என்று நினைத்துக்கொண்டேன். அன்று தரையே துடைக்கவில்லை என்று சிஸ்டர் பிறகு சொன்னார். கோப்பில் எழுதியதை வைத்து என் மூளை வாடைக்கும் சேர்த்துச் சுவர் பூசிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தெரிந்த நோயாளி தெரிந்த தொல்லையோடு வந்தால், கோப்பைத் திறக்காமல் முதல் ஐந்து நிமிடம் பேசுவேன். 'இது நான் நினைக்கிறது இல்லேன்னா வேற என்னவா இருக்கும்?' என்று ஒரு விடையாவது யோசிப்பேன். சிஸ்டரிடமும் கேட்பேன், அவருக்கு என் கோப்பு தெரியாது என்பதற்காகவே. வீட்டில் யாராவது எதையாவது பார்த்தேன், கேட்டேன் என்றால் நீங்களும் உண்மையா பொய்யா என்று சண்டை போட வேண்டாம். எப்போது, எந்த வெளிச்சத்தில், தூங்கி எத்தனை மணி நேரமாச்சு, அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். தோட்டத்து வேலை முடிந்து வந்து வியர்த்துக் குமட்டினால், முதலில் சட்டையைக் கழற்றுங்கள்.

அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் ஒரு மாத இடைவெளியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதுவரைக்கும் அடுப்படியில் பெரிய பல்பு போடச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் தெரிந்தால் கண்ணை இரண்டு பக்கமும் வேகமாக உருட்டிப் பார்க்கும்படி அப்பத்தாவிடமும் சொல்லியிருந்தேன், சிலருக்கு அதிலேயே படம் கலைந்துவிடும். மருமகளுக்குக் கொலுசுச் சத்தம் நின்றுவிட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது கண் ஆறியபின் என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பத்தா என் மேசை மேலிருந்த காலண்டரில் தேதியை வாசித்தார். என்னைப் பார்த்து, "நீ இம்புட்டுச் சின்னப் பிள்ளையா? சத்தத்த வச்சு வயசானவன்னு நெனச்சேன்" என்றார். பிள்ளைகள் வருகிறார்களா என்று கேட்டேன்.

"வரல தாயி" என்றார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். மகன் எழுந்து வெளியே போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "சின்னவ மட்டுமாவது இனி வருவாளா?"