வாழைப்பழம் பைக்குள்ளேயே இருக்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்த குடும்பம் ஒன்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தது. சிங்கப்பூரின் தாம்சன் இயற்கைப் பூங்கா ஓரம். சின்னப் பையன் வாழைப்பழத்தை உரித்து நீட்டுகிறான், குரங்கு ஒன்று வந்து பறித்துக்கொண்டு ஓடுகிறது. கீழே ஒரு வரி: "டாக்டர், நீங்க சொல்வீங்களே அந்த அபூர்வக் குரங்கு, அதுக்கு இன்னிக்கு எங்க கையால சாப்பாடு!"

நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தும் வீட்டில் குரங்குக்குப் பழம் கொடுப்பது புண்ணியம் என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்ப்பார்கள். ஆனால் இந்த வருடம் கால்நடை மருத்துவனான எனக்கு வந்த ஐந்தாவது வீடியோ இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், வீடியோவில் இருந்தது அந்தக் குரங்கே இல்லை. அது நீளவால் மக்காக். பழுப்புச் சாம்பல் நிறத்தில் சாலையோரம் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் பையைக் கண்டால் பாய்ந்து வருமே, அதுதான். நான் சொல்லி வருவது ராஃபிள்ஸ் பட்டை லங்கூர். மலாய்க்காரர்கள் லோத்தோங் செனேகா என்பார்கள். உடம்பு கறுப்பு, வயிறும் தொடையின் உட்புறமும் வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அது தரைக்கு வருவதே அரிது. உங்களைப் பார்த்தால் ஓடி வராது, உச்சிக்கிளைக்கு ஓடிவிடும். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலது மேல் மூலையில், இலைகளுக்கு நடுவே, ஒரு நீளக் கறுப்பு வால் ஒரு நொடி தெரிந்து மேலே மறைகிறது. அபூர்வக் குரங்கு அதுதான். கைதட்டலும் கூச்சலும் கேட்டுப் போய்விட்டது.

இந்த இனம் உலகத்திலேயே தெற்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மட்டும்தான் உண்டு. மொத்தமே சில நூறு. சிங்கப்பூரில் சுமார் எழுபது. இதை வெகு நாள் வேறு இரண்டு வகைகளோடு சேர்த்து ஒரே இனமாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். ஆண்டி ஆங் என்ற சிங்கப்பூர் ஆய்வாளரும் அவருடைய குழுவும் சாணத்திலிருந்து மரபணு எடுத்துப் பார்த்து, அவை மூன்றும் தனித்தனி இனங்கள் என்று 2020-இல் எழுதினார்கள். பிரித்துப் பார்த்த பிறகுதான் இது எவ்வளவு குறைவு என்பதே புரிந்தது. இப்போது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மரபணு வேறுபாடும் குறைவு, அதாவது கிட்டத்தட்ட எல்லாமே நெருங்கிய சொந்தம். ஒரு நோய் வந்தால் தாங்காது. மருத்துவனாக எனக்கு இதுதான் பெரிய பயம்.

சரி, லங்கூரே இறங்கி வந்து கை நீட்டினாலும் பழம் கொடுக்கக் கூடாது. "குரங்கு வாழைப்பழம்தானே சாப்பிடும்?" என்று கேட்காதவர்கள் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தபோது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை மருத்துவமனை வாசலில் மாடுகள் வரிசையாக நிற்கும். ஆசையாகப் பொங்கலையும் பழத்தையும் அள்ளி அள்ளி ஊட்டியிருப்பார்கள். இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருக்கும், விரலால் தட்டினால் 'டொம்' என்று சத்தம் வரும். நாங்கள் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டு நிற்போம். சில மாடுகள் பிழைக்காது. இலையும் புல்லும் செரிக்க வேண்டிய வயிற்றில் மாவும் சர்க்கரையும் போய்ப் புளித்துவிடுவதால் வருவது அது. லங்கூரின் வயிறும் கிட்டத்தட்ட மாட்டு வயிறுதான். பல அறைகள் உண்டு, உள்ளே இலையை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. கடையில் வாங்கிய பழுத்த வாழைப்பழம், ரொட்டி, பிஸ்கட் எல்லாம் அதற்கு மாட்டுப் பொங்கல் சோறு மாதிரி. மாட்டையாவது கட்டிப்போட்டு மருந்து ஊற்றலாம். முப்பது மீட்டர் உயரத்தில் வயிறு உப்பிக் கிடக்கும் லங்கூருக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

மக்காக்குக்குக் கொடுத்தாலும் தீமைதான். உணவு கிடைக்கும் இடம் சாலையோரம் என்று அது பழகிக்கொள்கிறது. அப்புறம் அடிபட்டு என் மேசைக்கு வருகிறது.

அடுத்த விஷயம் இந்த லங்கூர் வாழும் சதுப்பு. பிச்சாவரத்தையும் சிங்கப்பூரின் சுங்கை பூலோவையும் பார்த்தவர்களுக்குச் சதுப்புக் காடு என்றால் உப்புத் தண்ணீரும் அலையாத்தியும்தான் நினைவுக்கு வரும். இது நன்னீர்ச் சதுப்பு. இந்த லங்கூரின் முக்கிய வீடு நீ சூன் சதுப்புக் காடு. பெயர் தெரிந்த மாதிரி இருக்கிறதா? சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தின் பழைய பெயர்தான் அது. பங்குனி உத்திரத்துக்குப் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போகிறீர்களே, அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அனுமதி வாங்கி ஆய்வுக் குழுவோடு ஒருமுறை உள்ளே போனேன். தண்ணீர் கட்டஞ்சாயா நிறம். கால் வைத்த இடமெல்லாம் முழங்கால் வரை புதைகிறது. மரங்களின் வேர்கள் முட்டி மடக்கினாற்போல் சேற்றுக்கு வெளியே நிற்கின்றன. மேலிருந்து சாணம் விழும் சத்தம் கேட்டால் உடனே ஓடிப் போய் எடுக்க வேண்டும், தண்ணீரில் விழுந்தால் போச்சு. காலை முழுக்க நின்று எனக்குக் கிடைத்தது இரண்டு குப்பி.

இருநூறு வருடங்களுக்கு முன் இந்தத் தீவில் ஏறக்குறைய 5 சதவீதம் இப்படிப்பட்ட நன்னீர்ச் சதுப்பு. கொசு, சேறு, வீண் நிலம் என்று மேடாக்கி மேடாக்கி, ஓரளவு பெரிதாக மிஞ்சியது இது ஒன்றுதான். உலகில் வேறெங்கும் இல்லாத நண்டு ஒன்று இந்தச் சேற்றில்தான் வாழ்கிறது. இதை வீண் நிலம் என்று தயவுசெய்து இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டிலும் இந்த லங்கூர்கள் இருந்தன. 1980-களில் விரைவுச்சாலை வந்து அந்தக் காட்டைத் துண்டித்தது. அங்கே கடைசியாக மிஞ்சியிருந்த ஒன்றை 1987-இல் நாய்கள் கடித்துக் கொன்றன. ஆகவே, நாயைக் கூட்டி வருகிறவர்களே, வாரைக் கழற்றாதீர்கள். "எங்க நாய் கடிக்காது" என்ற பேச்சு வேண்டாம். காட்டோரச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். உணவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். காட்டுயிருக்கு உணவு கொடுத்தால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000. வெள்ளை உடம்பில் கறுப்புச் சிலுவை போட்டாற்போல் குட்டி தெரிந்தால் அது நோயும் இல்லை, அனாதையும் இல்லை. லங்கூர் குட்டி பிறப்பதே அப்படித்தான், தாய் பக்கத்தில்தான் இருக்கும். உண்மையிலேயே அடிபட்ட விலங்கைக் கண்டால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்கு அழையுங்கள்.

இன்னொன்றும் கெஞ்சிக் கேட்கிறேன். 2019-இல் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே, குரங்குகள் கடந்து போகக் கயிற்றுப் பாலங்கள் கட்டினார்கள். ஒரு பக்கம் பெரிய காடு, மறுபக்கம், முன்பு ஹைனான் சீனர்களின் கிராமம் இருந்த இடத்தில் அமைந்த தாம்சன் பூங்கா. அந்தப் பாலங்களுக்கு அடியில் கூட்டம் போடாதீர்கள். ஒருநாள் மாலை அங்கே நின்றிருந்தேன். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு தாய் கயிற்றின் முனைக்கு வந்தது. கீழே ஏழெட்டுப் பேர் செல்பி குச்சியை உயர்த்தி நின்றார்கள். ஒரு கையைக் கயிற்றில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. அவர்களிடம் தள்ளி நிற்கச் சொன்னேன். "ஒரே ஒரு போட்டோ அண்ணே" என்றார் ஒரு தம்பி. இருட்டிய பிறகுதான் அவர்கள் கிளம்பினார்கள். அதற்கு வெகு முன்பே அது வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.