வண்டி நின்றுபோனால்? டெத் வேலிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஓர் அவசர சிகிச்சை மருத்துவரின் குறிப்புகள்

கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனப் பள்ளத்தாக்குக்குப் போகப்போகிறோம் என்று சொல்லி என்னிடம் காட்டப்படும் பயணத் திட்டங்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. விடியற்காலையில் லாஸ் வேகாஸில் கிளம்பி ஜாப்ரிஸ்கி பாயிண்ட், அப்புறம் பேட்வாட்டர், மதியம் மணல்மேடுகள், சாயங்காலம் டான்டேஸ் வியூ. எங்கே நின்று படம் எடுப்பது என்பதுவரை குறித்திருப்பார்கள். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் அடுத்த ஆறு மணி நேரத்தை எப்படிக் கழிப்பது என்று மட்டும் யாரும் எழுதிவைப்பதில்லை. பாலைவனத்தை ஒட்டிய ஊரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு, அந்த ஆறு மணி நேரத்துக்குப் போடுவதுதான் திட்டம். மற்றதெல்லாம் நேர அட்டவணை.

இடத்தின் அளவை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டெத் வேலி தேசியப் பூங்கா 34 லட்சம் ஏக்கர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா கிடையாது. பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைப்பது ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில்தான். விலையைப் பார்த்துவிட்டு "வெளியே போய்ப் போட்டுக்கலாம்" என்று நகர்ந்துவிடாதீர்கள். டாங்கில் பாதிக்குக் கீழே முள் இறங்கினால் நிரப்பிவிட வேண்டும். செல்போன் சிக்னல் பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து பரம்ப் என்ற ஊரின் மருத்துவமனைக்குச் சாலை வழியாகச் சுமார் 60 மைல்.

"911 கூப்பிட்டா ஹெலிகாப்டர் வந்துடும்ல?" என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜூலையில் பேட்வாட்டர் பக்கம் மோட்டார் சைக்கிளில் போன குழு ஒன்று வெப்பத்தில் மாட்டியது. அன்று 128 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 53 செல்சியஸ். அவர்களில் ஒருவர் இறந்தார். ஹெலிகாப்டர் வரவில்லை, ஏனென்றால் வர முடியாது. காற்று சூடாக ஆக அதன் அடர்த்தி குறையும். இறக்கைகளுக்குப் பிடிமானம் கிடைக்காது. 120 டிகிரிக்கு மேல் போனால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பொதுவாகப் பாதுகாப்பாகப் பறக்க முடியாது என்பது பூங்கா நிர்வாகமே சொல்வது. மிக அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் அது தரையில் நிற்கும்.

உதவி வராது என்று பயமுறுத்தவில்லை. தாமதமாக வரும். அதுவரை உயிரோடும் தெளிவோடும் இருப்பதற்கு வண்டியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், ஏறத்தாழ 4 லிட்டர், என்பது பூங்காவின் அறிவுரை. அது குடிப்பதற்கு மட்டும். கடும் வெயிலில் நடப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்வையாக இழக்கலாம். எனவே நான் அதை இரட்டிப்பாக்கச் சொல்வேன். நால்வர் போனால் 30 லிட்டருக்குக் குறையாமல் டிக்கியில் இருக்கட்டும். மிச்சமானால் திரும்பி வந்து செடிக்கு ஊற்றுங்கள். தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரை மணிக்கணக்கில் குடித்து, ரத்தத்தில் சோடியம் இறங்கி, குழறிய பேச்சோடு வருபவர்களையும் பார்க்கிறோம். ஓஆர்எஸ் பாக்கெட்டுகளும், கொறிப்பதற்கு உப்பு சேர்ந்த ஏதாவதும் இருந்தால் போதும்.

இங்கே அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. மகளைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வந்தபோது, "தம்பி, நாங்க பாக்காத வெயிலா?" என்று சிரித்தார். "நீங்க பாத்தது வேற வெயில் ஐயா" என்றேன். கடலோர ஊர் வெயிலில் வியர்வை வழியும், சட்டை ஒட்டும், உடம்பே எச்சரித்துவிடும். டெத் வேலியில் காற்று அத்தனை வறட்சி. வியர்வை தோலுக்கு வந்த கணமே ஆவியாகிவிடும். கையைத் தடவிப் பார்த்தால் காய்ந்திருக்கும், வெள்ளையாக உப்புப் பொடி மட்டும் ஒட்டும். "வேர்க்கவே இல்லையே, அவ்வளவு ஒண்ணும் சூடு இல்லை" என்று நினைத்துக்கொண்டே ஒன்றிரண்டு லிட்டரை இழந்திருப்பார்கள். தாகத்தை நம்ப வேண்டாம். வயதானால் தாக உணர்வும் மழுங்கும். சிறுநீர் எப்போது கடைசியாகக் கழித்தார்கள், என்ன நிறம் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி இல்லை.

அந்தப் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியச் செய்வது. அதுபோன்ற மாத்திரைகள், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்கள், சில ஒவ்வாமை மருந்துகள், மனநல மருந்துகள் சில, லித்தியம் எல்லாம் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கலாம், அல்லது வெப்பத்தில் தாமே ஆபத்தாகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், போவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய பொருள். நிறுத்திய காருக்குள் 60 டிகிரி சாதாரணமாகத் தாண்டும். ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ்மீது நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலினும் வீண்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: பாதம். 1972 ஜூலையில் ஃபர்னஸ் கிரீக்கில் தரையின் வெப்பம் 201 டிகிரி ஃபாரன்ஹீட், கிட்டத்தட்ட 94 செல்சியஸ் என்று பதிவாகியிருக்கிறது. தண்ணீர் கொதிக்க 6 டிகிரிதான் பாக்கி. 2024 ஜூலையில் மெஸ்கிட் மணல்மேட்டில் செருப்பு கழன்று போன பயணி ஒருவருக்கு, நடந்த சிறிது தூரத்திலேயே பாதங்களில் முழு ஆழத் தீக்காயம். அன்றும் ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியாமல், ஆம்புலன்ஸில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள். அவருக்கு உணர்ச்சியுள்ள கால்கள், உடனே அலறியிருப்பார். நரம்பு மரத்துப்போன சர்க்கரை நோயாளி அலறமாட்டார். மணலில் கொஞ்ச நேரம் வெறுங்காலில் நின்றுவிட்டு, ராத்திரி ஹோட்டலில் சாக்ஸைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வருவதைப் பார்த்து வருபவர்கள் உண்டு. வலியே இல்லை என்பார்கள். காயத்தைவிட எனக்கு அதுதான் கவலை. ஷூ போட்டு நடக்க வேண்டும், செருப்பு உதவாது.

இனி, வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் டயர்தான் காரணமாக இருக்கும். ரேஸ்டிராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகைக்குப் போகும் 27 மைல் கரடுமுரடான பாதையில் கற்கள் கத்தி மாதிரி. இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றடிக்கும் குட்டிப் பம்பும் ஒட்டும் திரவமும் கொடுத்துவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அது உதவாது. கிளம்பும் முன் டிக்கிப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தையும் படியுங்கள், பலவற்றில் மண்சாலைக்குத் தடை இருக்கும். ஏற்றத்தில் என்ஜின் சூடேறினால் ஏசியை அணைத்து ஹீட்டரைப் போட வேண்டும். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் என்ஜினின் சூட்டை அது வெளியே இழுக்கும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகமெல்லாம் வெந்து வருவதும் எங்கள் பிரிவுக்குப் புதிதல்ல.

நின்றபின் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: நடந்து போய் உதவி கூட்டி வருகிறேன் என்று கிளம்புவது. 1996 கோடையில் ஜெர்மனியிலிருந்து வந்த நான்கு பேர், இரண்டு பெரியவர்களும் இரண்டு குழந்தைகளும், காணாமல் போனார்கள். அவர்களுடைய வாடகை வேன் அக்டோபரில் அன்வில் கேன்யனில் கிடைத்தது, டயர்கள் தட்டையாகி. ஆட்கள் இல்லை. எலும்புகள் கிடைத்தது 2009இல், வேனிலிருந்து பல மைல் தள்ளி. அதே 2009 ஆகஸ்டில் ஜிபிஎஸ் காட்டிய வழியில் போன ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்தது. ஐந்து நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது தாய் உயிரோடு இருந்தார். மகன் இல்லை.

ஆகாயத்திலிருந்து பார்ப்பவருக்கு மனிதர் தெரிவதில்லை, வண்டி தெரியும். அதனால் வண்டியை விட்டு நகராதீர்கள். வண்டியோடு இருங்கள் என்றால் வண்டிக்குள் இருங்கள் என்று பொருளில்லை. ஏசி ஓடவில்லை என்றால் உள்ளே அடுப்பு. பானட்டைத் தூக்கி வையுங்கள், வெளிர் நிறத் துணியோ தார்ப்பாயோ கட்டி நிழல் உண்டாக்குங்கள், தரையில் உட்காராமல் மெத்தையையோ டிக்கிப் பலகையையோ போட்டு உயரமாக உட்காருங்கள். தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று குடிக்காமல் இருக்காதீர்கள். வியர்வையைத்தான் சேமிக்க வேண்டும்: அசையாமல், பேசாமல், நிழலில்.

நடக்கக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு மருத்துவக் காரணம் உண்டு. உடல் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது சீக்கிரமே தடுமாறுவது மூளை. எரிச்சல் வரும், பிடிவாதம் வரும், "அந்தா தெரியுது பாரு, பத்து நிமிஷ நடை" என்று தோன்றும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் முடிவெடுக்கும் உறுப்புதான் கெட்டுப்போயிருக்கிறது. எனவே அந்த முடிவை வீட்டில், குளிர்ந்த தலையோடு, எல்லோரும் கேட்கும்படி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்: என்ன ஆனாலும் வண்டியை விட்டு யாரும் போவதில்லை.

யாராவது குழறிப் பேசினால், தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் அது வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்த்தாலும் சரி, வியர்க்காவிட்டாலும் சரி. முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் பயணம். துணியைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். அந்த வறட்சி நமக்கு உதவும் ஒரே இடம் இதுதான். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல, மாத்திரைக்கு இறங்காது. நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் புகட்டவும் வேண்டாம்.

வெயிலைப் பற்றியே இவ்வளவு சொன்னாலும், டெத் வேலியில் அதிகம் பேர் உயிரிழப்பது வேறு வண்டி எதுவும் மோதாமல், தங்கள் வண்டி தானே தடம் புரளும் விபத்துகளில்தான். நீளமான காலிச் சாலை, கண்ணைச் சொருகும் மதியம், வேகம். ஒரு சக்கரம் சரளையில் இறங்கியதும் பதறி ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பார்கள், வண்டி உருளும். இறங்கினால் பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து மெல்ல ஏற்றுங்கள். பின்சீட்டில் பாட்டிக்கும் பெல்ட் வேண்டும். ஓட்டுபவர் இருவராக இருக்கட்டும்.

மழையையும் விட்டுவிட முடியாது. ஆண்டுக்கு 2 அங்குலம் போலத்தான் மழை. ஆனால் 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் 1.46 அங்குலம் கொட்டி ஏறத்தாழ ஆயிரம் பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹிலாரி புயலின் மிச்சம் ஒரே நாளில் 2.2 அங்குலம் பெய்ததில், பூங்காவையே அக்டோபர் நடுவரை மூடிவைத்தார்கள். அடித்துப்போன சாலைகளை உங்கள் ஜிபிஎஸ் திறந்த சாலையாகவே காட்டிக்கொண்டிருக்கலாம். கிளம்பும் அன்று காலையில் பூங்காவின் இணையதளத்தில் சாலை நிலவரத்தைப் பாருங்கள், காகித வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போக முடியுமானால் அதுவே நல்லது. கோடையில்தான் விடுமுறை என்றால் காலை 10 மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது பூங்கா.

செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி ஐபோன் 14இலிருந்து இருக்கிறது. வானம் நன்றாகத் தெரிய வேண்டும், ஒடுங்கிய பள்ளத்தாக்குச் சுவர்களுக்கிடையில் தகராறு செய்யலாம். வீட்டில் இருக்கும்போதே அதன் ஒத்திகையைச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

அதைவிட மலிவான கருவி ஒரு தாள். எந்தச் சாலை வழியாக, எந்த வண்டியில், என்ன நிறம், என்ன எண், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் "வந்துவிட்டோம்" என்று செய்தி வரும் என்று எழுதிப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வழியில் திட்டத்தை மாற்றினால் சிக்னல் இருக்கும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் அவர் அழுத்தும் 911 அவருடைய ஊர்க் காவல்துறைக்குத்தான் போகும். இந்தியாவில் இருந்தால் அது அமெரிக்க உதவிக்குப் போகாது. பூங்காவின் பெரும்பகுதி இன்யோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) இருக்கிறது. அந்தக் கவுண்டியின் காவல்துறையான ஷெரிஃப் அலுவலகத்தின் முழுத் தொலைபேசி எண்ணையும், எத்தனை மணிக்கு மேல் காத்திராமல் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.