மெயின்கார்டு கேட்டில் கல்லூரி விடும் நேரம்

திருச்சி மேலப்புலிவார்டு ரோட்டின் பெயரைப் பார்த்துவிட்டு, இங்கே எப்போது புலி இருந்தது என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். புலி இல்லை, அகழிதான் இருந்தது. கோட்டை அகழியைத் தூர்த்துப் போட்ட சாலைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த ‘பூலவார்டு’ (boulevard, அகலமான சாலை) என்ற பெயர் நம் வாயில் புலியாகிவிட்டது. சுவர்கள் போய் மெயின்கார்டு கேட் என்ற கோட்டை வாசல் மட்டும் மிச்சம். அதைச் சுற்றித்தான் தெப்பக்குளம், நாகையில் 1844-இல் தொடங்கி 1883-இல் இங்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி, 1923-இல் தொடங்கிய ஹோலி கிராஸ் கல்லூரி, சத்திரம் பேருந்து நிலையம், என்.எஸ்.பி. ரோட்டுக் கடைகள் எல்லாம்.

போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். கல்லூரி விட்டதும் நெரிசலில் திணறும் இந்த மாதிரி இடங்களில், “ரோட்டை அகலப்படுத்தக் கூடாதா சார்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். எதை இடிப்பது? குளத்தையா, கோட்டை வாசலையா? இடித்தாலும் அந்த இடத்தில் நாலு கார் வந்து நிற்கும்.

ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிதான் இங்கே தொல்லை. 7 மீட்டர் தெரு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை அழைக்க வந்தவர், “அஞ்சு நிமிஷம்தான்” என்று ஓரமாகக் காரை நிறுத்துகிறார். கதவு திறக்கும் இடத்தையும் சேர்த்தால் இரண்டே கால் மீட்டர் போச்சு. எதிர்ப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ. மிச்சம் 3 மீட்டர். அதில் இரண்டரை மீட்டர் அகலத்தில் பஸ் நுழைகிறது. அப்புறம் ஹாரன்தான்.

வண்டியை 300 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். சாதாரண நடையில் பிள்ளை நாலு நிமிடத்தில் வந்துவிடும். கல்லூரிகள் தங்களுக்குள் பேசி, விடும் நேரத்தில் கால் மணி வித்தியாசம் வைக்கலாம். சிக்னலில் நடப்பவருக்கு நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிடுவோம். 12 மீட்டர் சாலையைக் கடக்கவே 10 நொடி. கும்பலாக வரும் மாணவர்களுக்கு அது போதாது, கூட்டித்தான் தரவேண்டும்.

வேறொரு பழைய ஊரில் ஒரு பள்ளிக்கு வரைபடம், அளவு, சாலையில் வைக்கும் கூம்பு என்று பெரிய திட்டமாகக் கொண்டுபோனோம். முதல் வாரம் பெற்றோரிடம் நல்ல திட்டு. வாட்ச்மேன்தான், “பின்னால ஒரு கேட் இருக்கே சார், அதைத் திறந்தா பாதிக் கூட்டம் அந்தச் சந்து வழியாப் போயிடுமே” என்றார். எங்கள் வரைபடத்தில் அது சுவர். சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது.