டின் சூப்பில் அவ்வளவு உப்பு எதற்கு?

டின்னில் அடைத்த சூப் இரண்டு வருடம் கெடாமல் இருக்கிறது என்றால், அதிலுள்ள உப்புதான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். உப்பு நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் சூப்பைக் காப்பாற்றுவது உப்பு இல்லை, சூடு.

சூப்பை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடிய டின்களை ரிட்டார்ட் என்ற கலனுக்குள் அடுக்கி, சுமார் 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். பிரமாண்டமான பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கொதிக்கவைத்தால் போதாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பிறகு காற்றில்லாத டின்னுக்குள் முளைத்து, ஆளையே கொல்லும் நச்சை உண்டாக்கும். புளிப்பு மிகுந்த இடத்தில் அவை முளைக்காது என்பதால் தக்காளி சூப்புக்கு இவ்வளவு சூடு தேவைப்படுவதில்லை.

சரி, இத்தனை சூட்டில் சத்து என்ன ஆகும்? வைட்டமின் சி, பி1 இரண்டும் நன்றாகவே அடிவாங்கும். புரதம், நார்ச்சத்து, தாதுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். காய்கறியிலிருந்து தண்ணீரில் கரைந்து இறங்கும் சத்தும் வீணாவதில்லை. அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம். தக்காளியில் லாபம்கூட உண்டு. அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், வெந்து செல் சுவர்கள் உடைந்த பிறகு, கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால், வேகாத தக்காளியில் இருப்பதைவிட எளிதாக உடலில் சேர்கிறது.

அப்புறம் எதற்கு உப்பு? ருசிக்கு. ரிட்டார்டில் வெந்த சூப்பில் புதிதாகச் சமைத்த மணம் போய்விடும். அந்தக் குறையை மலிவாக மறைக்க உப்பை விட்டால் ஆளில்லை. அமெரிக்காவின் கேம்ப்பெல் நிறுவனம் சில சூப்களில் உப்பைக் குறைத்துப் பார்த்தது. விற்பனை சரிந்ததும் 2011இல் சிலவற்றில் மறுபடி கூட்டியது.

1897இல் அங்கே வேலை பார்த்த ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர்தான் நீரைக் குறைத்த கெட்டி சூப்பைக் கொண்டுவந்தவர். அந்த வகைச் சிக்கன் நூடுல் டின்னின் லேபிளில், ஒரு பரிமாறலுக்கு, அதாவது ஒருவர் ஒரு வேளைக்குச் சாப்பிடுவதாக வைத்த அளவுக்கு, சுமார் 890 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கும். உப்பில் இருக்கும் தாதுதான் சோடியம். ஒரு டின் இரண்டரைப் பரிமாறல் என்பது கணக்கு. பசியோடு டின்னைத் திறப்பவர் பாதியில் நிறுத்தி மூடிவைப்பாரா என்ன? முழு டின்னையும் குடித்தால் சுமார் 2,200 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000தான்.

லேபிளில் இன்னொரு வித்தையும் உண்டு. அமெரிக்க விதிப்படி ‘குறைந்த சோடியம்’ என்றால் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ‘குறைக்கப்பட்ட சோடியம்’ என்றால் வழக்கமான சூப்பைவிட 25 சதவீதம் குறைந்திருந்தாலே போதும். 890 இருந்த இடத்தில் 660 இருக்கலாம். முதல் வகையை வாங்கினால் சப்பென்று இருக்கும்தான். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். ருசியும் ஏறும், சூட்டில் போன வைட்டமின் சியும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.