590-ஆ, 300-ஆ? இரண்டு கருவியில் ஒரே கேம் ஆடும்போது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. முதலியார்பேட்டையில் என் அக்கா மகன் அவன் அம்மாவின் போனில் படகு கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான். அவன் தங்கை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆயா வீட்டில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்த டேப்லெட்டில் அதே கணக்கில் அதே கேமை ஆடினாள். நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் இங்கே நடப்பது அங்கே தெரிய வழியில்லை.

புயலுக்கு முன் இரண்டிலும் ஒரே நிலை: 40-வது லெவல், 500 காயின். அண்ணன் மூன்று லெவல் தாண்டி 90 காயின் சேர்த்தான், போனில் 590. தங்கை 200 காயின் கொடுத்துச் சிவப்புப் படகு ஒன்று வாங்கினாள், டேப்லெட்டில் 300. சிக்னல் திரும்பியதும் முதலில் போன் தன் நிலையைச் சர்வருக்கு, அதாவது கேம் கம்பெனியின் மையக் கணினிக்கு, அனுப்பியது, அப்புறம் டேப்லெட் அனுப்பியது. கடைசியில் வந்தது எதுவோ அதுவே நிற்கும் என்பது அந்த கேமின் விதி. 43-வது லெவல் மறுபடி 40 ஆனது. பையன் அழுதுவிட்டான்.

கேம் எழுதுவதுதான் என் வேலை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளை ஜெயித்ததைக் கேட்காமல் கொள்ளாமல் அழிப்பது எனக்குச் சின்னத் தவறாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

சரி, எது கடைசியில் ஆடியதோ அதை நேரம் பார்த்து எடுக்கலாமே என்று தோன்றும். போன் கடிகாரத்தை நம்ப முடியாது. கேமில் ஆடக் கிடைக்கும் உயிர்கள் தீர்ந்துபோனால் சீக்கிரம் திரும்பக் கிடைக்கட்டும் என்று பிள்ளைகள் தேதியை முன்னே தள்ளி வைப்பார்கள். அப்படி ஒரு போன் அடுத்த மாதத் தேதியில் சேவ் செய்தால், அந்த மாதம் வரும்வரை அதுதான் 'புதுசு'. வேறு எந்தக் கருவியில் ஜெயித்தாலும் தோற்றுப்போகும்.

கடிகாரம் இல்லாமல் வெறும் எண்ணிக்கையை வைத்தே எது முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்தலாம் என்று 1978-ல் கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் ஒரு கட்டுரையில் காட்டினார். அந்த வழியில் போனால், ஒவ்வொரு சேவுக்கும் ஒரு பதிப்பு எண் கொடுக்கலாம். புயலுக்கு முன் இரண்டிலும் இருந்தது 17-ம் பதிப்பு என்று வைத்துக்கொள்வோம். 'நான் 17-ம் பதிப்பிலிருந்து ஆடத் தொடங்கினேன்' என்று டேப்லெட் சொல்கிறது. சர்வரோ போன் அனுப்பியதை வாங்கி ஏற்கெனவே 18-க்குப் போய்விட்டது. ஆக இது மோதல். மேலே எழுதக்கூடாது, இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று சர்வருக்குத் தெரிந்துவிடும்.

எப்படிச் சேர்ப்பது? லெவலுக்குப் பெரிய எண்ணை எடுத்தால் போதும்: 43. ஒவ்வொரு லெவலிலும் வாங்கிய நட்சத்திரத்துக்கும் அப்படியே. படகுகளுக்கு, இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கினால் சிவப்புப் படகு வந்துவிடும். ஆனால் காயினுக்கும் பெரியதை எடுத்தால் 590 நிற்கும், படகும் இருக்கும். அதாவது படகு இனாம். 300-ஐ எடுத்தால் அண்ணன் சேர்த்த 90 போச்சு. இரண்டும் தப்பு.

மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். அதில் யாரும் மொத்தத்தை மட்டும் எழுதுவதில்லை. பெயர், ஊர், தொகை என்று வரி வரியாக எழுதுவார்கள். மண்டப வாசலில் ஒரு நோட்டு, மேடைப் பக்கம் ஒரு நோட்டு என்று இருந்தாலும், ராத்திரி இரண்டையும் வைத்துக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும். காயினையும் அப்படித்தான் வைக்க வேண்டும். போன் 'கூட்டு 90' என்று எழுதுகிறது, டேப்லெட் 'கழி 200' என்று எழுதுகிறது. 500, கூட்டு 90, கழி 200: விடை 390.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சிக்னல் தட்டுத்தடுமாறும்போது போன் அனுப்பியது சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும், 'கிடைத்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலையும். போன் மறுபடி அனுப்பும். ஒரே மொய்யை இரண்டு தடவை எழுதிய மாதிரி ஆகும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் 'போன்-118' என்று ஓர் எண். பார்த்த எண்ணே திரும்ப வந்தால் சர்வர் அதைக் கணக்கில் சேர்க்காது. எந்த வரிசையில் வந்தாலும், எத்தனை தடவை வந்தாலும் ஒரே விடையில் முடியும் இப்படிப்பட்ட கணக்கு முறைகளுக்கு கணினி ஆராய்ச்சியாளர் மார்க் ஷபீரோவும் கூட்டாளிகளும் 2011-ல் முறையான இலக்கணம் வகுத்தார்கள்.

ஒன்றை மட்டும் இந்த முறையாலும் தடுக்க முடியாது. இரண்டு பேரும் இணையம் இல்லாமலேயே அதே 500-லிருந்து ஆளுக்கு 400 செலவழித்தால் கணக்கு மைனஸ் 300-ல் நிற்கும். வாங்கியதைப் பிடுங்காமல், மைனஸிலேயே விட்டு, அடுத்துச் சேரும் காயினில் கழித்துக்கொள்வதுதான் நியாயம் என்பது என் கட்சி. நிஜப் பணம் கொடுத்து வாங்குவதை மட்டும் இணையம் இருக்கும்போதுதான் அனுமதிக்க வேண்டும்.

சத்தம், வெளிச்சம் போன்ற செட்டிங்ஸை அனுப்பவே வேண்டாம். அவை அந்தந்தக் கருவியோடு இருக்கட்டும். பாதி லெவலில் படகு எங்கே நிற்கிறது என்பதைக் கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அங்கே ஆடுபவரைத்தான் கேட்க வேண்டும். கேமின் நிலையைச் சேமித்து வைக்கும் கூகுள் பிளே கேம்ஸ் சேவையில், ஒரு சேவுக்கு 3 எம்பி வரைக்குமான தரவோடு ஒரு படம், ஒரு குறிப்பு, ஆடிய நேரம் ஆகியவற்றையும் சேர்த்து வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி 'எது வேண்டும்?' என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளையும் சரியாகத் தொடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் போனுக்குள்ளேயே எழுதுவது பத்திரமாக நடக்க வேண்டும். பழைய ஃபைலின் மேலேயே எழுதும்போது சார்ஜ் தீர்ந்தால் பழையதும் போகும், புதியதும் அரைகுறையாக நிற்கும். அதனால் வேறு பெயரில் முழுசாக எழுதி, போனின் சேமிப்பில் பதிந்ததை உறுதி செய்துவிட்டு, அப்புறம் அதைப் பழைய ஃபைலின் பெயருக்கு மாற்ற வேண்டும்.

புயல் முடிந்ததிலிருந்து எங்கள் கேமுக்கு ஒரு சோதனை கட்டாயம். இரண்டு போனிலும் ஏரோபிளேன் மோடு போட்டு, ஒன்றில் மூன்று லெவல் ஆடி, மற்றதில் படகு வாங்கி, முதலில் ஒன்றை இணையத்தில் விடுகிறோம், பிறகு மற்றதை. எல்லாவற்றையும் அழித்து, வரிசையை மாற்றி மறுபடி செய்கிறோம். இரண்டு தடவையும் இரண்டு திரையிலும் 43-வது லெவல், சிவப்புப் படகு, 390 காயின் வந்தால்தான் வெளியிடுகிறோம்.