ஆடியில் போட்டது ஐப்பசியில் கடலில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழைநீர் வடிகால் பொறியாளராக இருக்கிறேன். தெருவில் விழுகிற தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேரும் வழியைப் பார்த்துக்கொள்கிற வேலை. இதைச் சொன்னதும் பெரும்பாலோர் கேட்பது, "சுத்தம் பண்ணித்தானே கடலில் விடுவீர்கள்?"

இல்லை. இங்கே கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு வேறு குழாய். கழிவுநீர்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும் போய்விடும். நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில், தெருவில் ஒரு பையன் போட்ட சிப்ஸ் பாக்கெட், உம்லதுசானா ஆற்றில் இறங்கித் துறைமுகத்துக்குள் வந்து மிதக்கும். சில ஆறுகளின் குறுக்கே மிதக்கும் தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள். சாதாரண நாளில் அவை உதவும். வெள்ளம் வந்தால் குப்பை அதன் தலைக்கு மேலேயே ஏறிப் போய்விடும். 2022 ஏப்ரலில் 400 பேருக்கு மேல் உயிரைக் குடித்த வெள்ளத்துக்குப் பிறகு, கடற்கரையில் மணலே தெரியவில்லை. நாணலும் மரக்கட்டையும் பாட்டிலுமாகக் கிடந்தது.

எங்கள் ஊரில் கோடை டிசம்பரை ஒட்டி வரும், மழையும் அப்போதுதான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் காய்ந்து கிடக்கும். அப்போது தெருவில் விழுவதெல்லாம் வடிகால் வாயிலேயே தேங்கியிருந்து, அக்டோபர் வாக்கில் வரும் முதல் பெருமழையில் ஒரே மூச்சாகப் புறப்படும். வருடத்திலேயே அழுக்கான தண்ணீர் அதுதான். இதன் பக்கத்தில் நம் பண்டிகைகளை வைத்துப் பாருங்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ், புரட்டாசி சனிக்கிழமைகளில் சாப்பாடு, ஐப்பசியில் தீபாவளிப் பலகாரத் தட்டும் பட்டாசுக் குப்பையும். எல்லாம் சேர்ந்தபிறகு மழை வருகிறது.

கூழ் ஊற்றுவது எதில்? பாலிஸ்டைரீன் கப்பில். தமிழ்நாட்டில் தெர்மாகோல் என்பார்கள். என் ஆயா காலத்தில் ஆளாளுக்கு வீட்டிலிருந்து செம்பு கொண்டுபோவார்கள். நான் தடுப்புகளில் பார்க்கிற பொருள்களிலேயே மோசமானது இந்தக் கப்தான். காற்றடித்தால் பறக்கும், கல்லில் நாலு முறை மோதினால் மணிமணியாக உதிரும். உதிர்ந்ததை எந்த வலையாலும் அள்ள முடியாது. கனமே இல்லாததால் பழைய சாமான் பொறுக்குகிறவர்களும் தொடமாட்டார்கள். குளிர்பான பாட்டிலுக்காவது விலை இருக்கிறது.

எங்கள் கோயில் கமிட்டியில் இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "தம்பி, துறைமுகத்தில் கப்பலிலிருந்து டன் கணக்கில் கொட்டினார்களே, அதை விட்டுவிட்டு என் கூழ்க் கப்பைப் பிடிக்கிறாயே" என்றார். நியாயமான கேள்விதான். 2017 அக்டோபர் 10 புயலில் இரண்டு கன்டெய்னர்கள் தண்ணீரில் விழுந்து, 49 டன் நர்டில் கொட்டியது. பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற பருப்பு அளவுக் குருணை அது. நீரோட்டம் அதைத் தெற்கே இழுத்துக்கொண்டு மேற்கு கேப் கரை வரைக்கும் கொண்டுபோனது. வடக்கே இசிமங்கலிசோ கடற்கரையில் பொரிக்கும் பெருந்தலை ஆமைக் குஞ்சுகளும் அதே அகுல்யாஸ் நீரோட்டத்தில்தான் மிதந்து போகின்றன. கண்ணில் படுகிற துணுக்கையெல்லாம் தின்கிற வயது அவற்றுக்கு. கப்பலுக்குச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. 2003-இல் சட்டம் வந்த பிறகுதான், தேசிய மலர் என்று கேலி செய்யும் அளவுக்கு வேலியெல்லாம் தொங்கிய மெல்லிய பிளாஸ்டிக் பைகள் குறைந்தன. ஆனால் கூழ் கப்பலில் வரவில்லையே என்றேன். சிரித்துவிட்டார்.

வீட்டில் செய்ய என்ன இருக்கிறது என்றால், முதலில் உங்கள் வாசல் வடிகாலை செப்டம்பரிலேயே ஒருமுறை குனிந்து பாருங்கள். கையுறை போட்டு அள்ளினால் கால் மணி நேர வேலை. பெருக்கியதை அதற்குள் தள்ளாதீர்கள். குப்பைப் பையை முதல் நாள் ராத்திரியே வெளியே வைக்காதீர்கள். ராத்திரி நாய், விடிந்தால் குரங்கு. பையை அவை கிழித்துப் போடும் அழகை டர்பன்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. லாரி வருகிற காலையில் வைத்தால் போதும். பாட்டிலைத் தனியாகக் கட்டி வைத்தால் பொறுக்குகிறவர் பையைக் கிழிக்காமல் எடுத்துப்போவார். காது பட்ஸைக் கழிவறையில் போடாதீர்கள். அந்த மெல்லிய குச்சி சுத்திகரிப்பு நிலையத்துச் சல்லடையிலும் நழுவிவிடும், கடற்கரையில் கூட்டம் கூட்டமாக ஒதுங்கும்.

அப்புறம் புளூ லகூன். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் அந்த இடத்தில் பூஜை செய்ய வருகிறவர்கள் பூவையும் பழத்தையும் தண்ணீரில் விடட்டும். கற்பூர டப்பாவும் எண்ணெய் பாட்டிலும், அவை வந்த பையும், காரிலேயே திரும்பட்டும். கங்கையம்மன் அதைக் கேட்கவில்லை.

கோயிலில் போன ஆடிக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கினோம். பாதி நாள் நன்றாகப் போயிற்று. கூட்டம் கூடியதும் கழுவ ஆளில்லாமல், யாரோ கடைக்கு ஓடி மறுபடி கப் வாங்கி வந்துவிட்டார்கள். இந்த ஆடிக்கு டம்ளர் கழுவுகிறவர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். முதல் பெயர் என்னுடையது. எழுதியது அந்தப் பெரியவர்தான்.