காப்பச்சகம்: பணம் அச்சிடும் ஆலைக்கு ஏற்ற சொல்

ரூபாய் நோட்டு, தபால் தலை, பாஸ்போர்ட், முத்திரைத்தாள் ஆகியவற்றை அச்சிடும் ஆலையை ஆங்கிலத்தில் ‘செக்யூரிட்டி பிரஸ்’ என்பார்கள். அதை அப்படியே ‘பாதுகாப்பு அச்சகம்’ என்று எழுதினால் ராணுவத்துக்கு ஏதோ அச்சடிக்கிற இடம் போலத் தோன்றுகிறது. பாதுகாப்பு அமைச்சகம், பாதுகாப்புத் துறை என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறிடத்தில் வேரூன்றிவிட்டது. ‘காப்பச்சகம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

‘செக்யூரிட்டி’யின் மூலம் ‘செகூருஸ்’ என்ற லத்தீன் சொல். ‘சே’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. கவலையில்லாத நிலை என்பது முதற்பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபின் காவல் என்ற பொருளும், கடனுக்குக் கொடுக்கும் பிணை, பத்திரம் என்ற பொருளும் அதற்கு உண்டாயின. இந்த ஆலைகளுக்கு இரண்டுமே பொருந்தும்.

சரி, இங்கே காக்கப்படுவது எது? நீர்க்குறி, தாளுக்குள் ஓடும் இழை, விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்பு அச்சு என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் 1925-இல் போர்ச்சுக்கல்லில் நடந்ததைப் பார்த்தால் அதற்கும் மேலே ஒன்று இருப்பது தெரியும். ஆர்தர் அல்வெஸ் ரெய்ஸ் என்பவர் போர்ச்சுக்கல் மத்திய வங்கியின் பெயரில் ஓர் ஒப்பந்தத்தைப் போலியாகத் தயாரித்தார். அப்போது போர்ச்சுக்கல்லின் ஆட்சியில் இருந்த அங்கோலாவுக்கான நோட்டுகள் என்று கதை கட்டி, லண்டனின் வாட்டர்லோ அண்ட் சன்ஸ் அச்சகத்தை நம்பவைத்தார். வாஸ்கோட காமா படம் போட்ட 500 எஸ்குடோ நோட்டுகள், முதல் தவணையாக 2,00,000, அச்சாகி அவர் கைக்குப் போயின. அச்சகம் அசல், தகடு அசல், தாளும் மையும் அசல். உத்தரவு மட்டும்தான் பொய். ஒரே வரிசை எண்ணில் இரண்டு நோட்டுகள் அகப்பட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வங்கி வாட்டர்லோமீது வழக்குப் போட்டது. 1932-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. யார் கேட்டால் அச்சிடுவது, யார் கேட்டாலும் அச்சிடாமல் இருப்பது என்ற காவலும் காப்பச்சகத்தின் வேலைதான்.

ஒரு நாட்டின் பணத்தை வேறொரு நாட்டுத் தனியார் கம்பெனி அச்சிடுவது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் இது பழைய தொழில். பிரிட்டனின் டி லா ரூ சீட்டுக்கட்டுகளும் தபால் தலைகளும் அச்சிட்டுவந்த நிறுவனம். 1860-இல் மொரீஷியஸுக்காக முதன்முதலில் பணத்தாள் அச்சிட்டது. கொழும்புக்கு அருகே பியகமவில் இலங்கை அரசோடு சேர்ந்தும் அச்சகம் நடத்துகிறது. ஜெர்மனியின் கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் 1852-இல் லைப்சிக்கில் தொடங்கியது. விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிய 2008-இல் அது தாள் தருவதை நிறுத்தியதும் ஜிம்பாப்வே அரசு திண்டாடியது.

பிரிட்டிஷ் இந்தியாவின் நோட்டுகளும் முதலில் இங்கிலாந்தில்தான் அச்சாகின. 1928-இல் அந்த வேலை நாசிக்குக்கு வந்தது. இப்போது நாசிக், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் அச்சகங்கள் மத்திய அரசு நிறுவனத்தின் கீழும், மைசூரு, மேற்கு வங்கத்தின் சால்போனி அச்சகங்கள் 1995-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய துணை நிறுவனத்தின் கீழும் இயங்குகின்றன. அந்தத் துணை நிறுவனத்தின் பெயர் ‘பாரதிய ரிசர்வ் பேங்க் நோட் முத்ரண்’. அதிலுள்ள ‘முத்ரண்’, ‘முத்ரா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நம் முத்திரையும் அதே வழி வந்ததுதான்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். காப்பு என்பது காவலையும் குறிக்கும், நூலின் முகப்பில் பாடும் வணக்கத்தையும் குறிக்கும். காப்பீடு, காப்புரிமை என்று புதுச்சொற்களிலும் நன்றாகப் பொருந்தி நிற்கிறது. ‘பாது’வை விட்டுவிட்டால் ராணுவ வாடையும் போய்விடும்.

அச்சகத்தில் உள்ள ‘அச்சு’ இன்னும் அழகானது. அச்சுப் பொறி தமிழ்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அது காசோடு சேர்ந்துவிட்டது. வார்ப்புக்கும் முத்திரையிடவும் பயன்படும் கருவி அச்சு; இடைக்காலக் கல்வெட்டுகளில் அதுவே ஒரு காசின் பெயர். கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில் ‘பழஞ்சலாகை அச்சு’ என்று வரும். பணத்தைப் பற்றிப் பேச இந்தச் சொல்லைவிடப் பொருத்தமானது வேறென்ன வேண்டும்?

நாணயம் அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை என்ற பழஞ்சொல்லும், சென்னைத் தெருப்பெயராக நிற்கும் தங்கசாலையும் இருக்கின்றன. அவை உலோகக் காசுக்கு உரியவை. தாள் அச்சிடும் இடத்துக்கு அவற்றை இழுக்க வேண்டாம்.

நோட்டு மட்டும் அச்சிடும் இடத்தைப் பணத்தாள் அச்சகம் எனலாம். இலங்கையில் ‘நாணயத்தாள்’ என்பதே வழக்கு. அங்குள்ளவர்கள் நாணயத்தாள் அச்சகம் என்று எழுதலாம். தபால் தலை, பாஸ்போர்ட் என எல்லாவற்றையும் சேர்த்து அச்சிடும் இடம் காப்பச்சகம். நாசிக்கில் இரண்டும் உண்டு: ‘கரன்சி நோட் பிரஸ்’ பணத்தாள் அச்சகம், ‘இந்தியா செக்யூரிட்டி பிரஸ்’ இந்தியக் காப்பச்சகம்.